5 ஆண்டு 'விசா': வேலைக்கு அல்ல, வந்து போகத்தான்!

பிரான்சுக்குப் படிக்கப் போகும் புதுவை மாணவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரி:
பிரான்சுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளும், அவர்களுக்காக வீட்டுப் பத்திரத்தைப் 'பேங்க்'கில் வைக்கும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

"படிச்சு முடிச்சா 5 வருஷம் விசா குடுக்குறாங்க. வேலை பார்த்துக் கடனை அடைச்சிடலாம்" என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு.

இதில் பாதிதான் உண்மை!

அது எந்த விசா?

2023 ஜூலையில் பிரதமர் மோடி பாரீஸ் போனபோது இந்த 5 ஆண்டு விசா பற்றிய அறிவிப்பு வந்தது. 'மாஸ்டர்' பட்டம் பெற்று, பிரான்சில் ஒரு 'செமஸ்ட'ராவது படித்த இந்தியர்களுக்கு அது கிடைக்கும்.

ஆனால், அது வந்து போவதற்கான விசா. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அதை வைத்து வேலையில் சேரவும் முடியாது.

வேலை தேடுவதற்கான அனுமதி வேறு. 2018 மார்ச்சில் இந்தியாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2021 அக்டோபர் 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதன்படி, பிரான்சில் 'மாஸ்டர்' முடித்த இந்தியர் 12 மாதம் தங்கி வேலை தேடலாம். மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். ஆக மொத்தம் 2 ஆண்டு.

அதற்குள் நல்ல வேலை கிடைத்து, வேலை அனுமதிக்கு மாறிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்!

ஒரே தெரு, இரண்டு விதி

புதுவையில் இன்னொரு குழப்பமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பையன் விசாவே இல்லாமல் பாரீசுக்குப் பறக்கிறான். எதிர் வீட்டுப் பையன் ஒவ்வொரு தாளுக்கும் அலைகிறான்.

காரணம், தாத்தா காலத்துக் கையெழுத்து!

புதுவை 1954 நவம்பர் 1-ந் தேதி இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி. அப்போது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று விடப்பட்டது. எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள். அவர்கள் பாரீசில் வேலை பார்க்க யார் அனுமதியும் தேவை இல்லை.

எனவே, "எனக்கு ஒண்ணுமே கேக்கலியே, தைரியமா போ" என்று 'சொல்தா' வீட்டுப் பையன் சொன்னால், அது அவனுக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்தாது.

என்ன செய்ய வேண்டும்?

★ புறப்படும் முன்பே பிரெஞ்சு படியுங்கள். பாடம் இங்கிலீஷில் நடக்கலாம். வேலை கொடுக்கும் முதலாளி பெரும்பாலும் பிரெஞ்சில்தான் பேசுவார். சஃப்ரேன் வீதியிலேயே 'அலியான்ஸ் பிரான்சேஸ்' இருக்கிறது.

★ படிக்கும்போது ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஓட்டலில் தட்டுக் கழுவினால் வாடகைக்கு ஆகும். ஆனால், பிற்பாடு கைகொடுப்பது உங்கள் படிப்பு சம்பந்தப்பட்ட பயிற்சி வேலைதான்.

★ மாணவர் அனுமதி முடியும் தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள். அதற்கு 4 மாதம் முதல் 2 மாதம் வரை இருக்கும்போதே அடுத்த அனுமதிக்கு மனுப் போட வேண்டும்.

★ படிப்புக்கு ஏற்ற வேலை. அங்குள்ள குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்குச் சம்பளம். இந்த இரண்டும் இருந்தால் வேலை அனுமதிக்கு மாறுவது சுலபம்.

★ ஊர் திரும்பிவிட்டாலும் கதவு மூடிவிடாது. பட்டம் பெற்ற 4 ஆண்டுக்குள், இங்கிருந்தே வேலை தேடும் அனுமதி கேட்கலாம்.

★ கடன் தவணையை 'யூரோ' சம்பளத்தில் கணக்குப் போடாதீர்கள். ஊர் திரும்பி இங்கே வாங்கும் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் கடனைக் குறையுங்கள்.

மற்ற நாடுகளில்?

அங்கேயும் இதே கதைதான்.

2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், புதிய 'எச்-1பி' வேலை விசா மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். அங்கே படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பதறிப் போனார்கள். அமெரிக்காவில் இருந்தபடியே மாணவர் விசாவில் இருந்து மாறுபவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை என்ற விளக்கம் அக்டோபரில்தான் வந்தது. அதுவரை தூக்கம் ஏது?

இங்கிலாந்தில் படிப்பு முடிந்த பிறகு தங்க 2 ஆண்டு அனுமதி கிடைத்து வந்தது. 2027 ஜனவரி 1 முதல் மனுச் செய்பவர்களுக்கு அதை 18 மாதமாகக் குறைக்க அந்த நாட்டு அரசு முடிவு செய்தது. டாக்டர் பட்டம் பெறுவோருக்கு மட்டும் 3 ஆண்டு.

சேரும்போது இருக்கும் சட்டம், படித்து முடிக்கும்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே, பணம் கட்டும் முன்பு பிரெஞ்சு அரசின் 'காம்பஸ் பிரான்ஸ்' அமைப்பு வெளியிடும் விவரங்களைப் பார்த்துவிடுங்கள்.

'ஏஜெண்டு' யாராவது "5 வருஷம் சார்!" என்று ஆசை காட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"வந்து போகவா, வேலை பார்க்கவா?"