துளை பொருந்தினால் போதுமா?

மார்கழி பிறந்துவிட்டால் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஊர்ப் பயணப் பேச்சுத் தொடங்கிவிடும். இரயிலில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் சொந்த வண்டியிலேயே புனேயிலிருந்து புறப்பட்டு, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர் வழியாகத் தமிழகம் செல்கின்றனர். இவர்களில் பலரிடம் இருப்பவை பழைய ஜீப் வகை வண்டிகள். அவ்வண்டிகளுக்குப் பயணத்துக்கு முன் புதுச் சக்கரமும் புது டயரும் மாட்டி அழகு பார்ப்பது இப்பொழுது பெருவழக்காகிவிட்டது. அதைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லவே இக்கட்டுரை. சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். அது பெருமைப்படத்தக்க கதை அன்று.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி. இவ்வண்டி நம் நாட்டில் 1985இல் வெளிவந்தது. 1996இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ‘ஜிப்சி கிங்’ என்ற பெயரில் வந்தது என்னுடைய வகை. மலையும் மணலும் அறிந்த வண்டி. இராணுவமும் காவல் துறையும் விரும்பி வைத்திருந்த வண்டி. அதன் இரும்புச் சக்கரங்கள் பார்வைக்குச் சாதாரணமானவை. 2021ஆம் ஆண்டின் இறுதியில், பொங்கலுக்கு ஊர் செல்லுமுன், ஒரு கடையில் பளபளக்கும் அலாய்ச் சக்கரங்களைக் கண்டு மயங்கினேன். கடைக்காரர் ஒரு சக்கரத்தை வண்டியில் வைத்துக் காட்டி, “ஐந்து துளையும் சரியாக உட்காருகின்றன, பாருங்கள், வேறென்ன வேண்டும்?” என்றார். எனக்கும் வேறொன்றும் வேண்டும் என்று தோன்றவில்லை. பழைய 205/70 ஆர் 15 டயர்களுக்குப் பதிலாக 235/75 ஆர் 15 டயர்களையும் அவரே மாட்டினார். முழுதும் திருப்பினால் மட்கார்டில் உராய்கிறதே என்றேன். சுத்தியலால் விளிம்பை நான்கு தட்டுத் தட்டி மடக்கிவிட்டார். பழைய சக்கரங்களைக் கழித்துப் பணம் தருவதாகவும் சொன்னார். என் மனைவிதான், “இருபது ஆண்டு உழைத்த இரும்பு, கொடுக்க வேண்டாம்” என்று தடுத்து, நட்டுகளையும் ஒரு துணிப் பையில் கட்டி, எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வைத்தாள்.

விடியுமுன் புறப்பட்டோம். என் தாயார், மனைவி, இரு குழந்தைகள், மூட்டை முடிச்சுகள். கம்பட்கி மலைப்பாதையில் வண்டி வழக்கத்தைவிடத் திணறிற்று. கராடு தாண்டியதும் பின்புறத்தில் ஒரு நடுக்கம். சாலைதான் சரியில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கோலாப்பூரை நெருங்கும்போது, பின்னால் அமர்ந்திருந்த என் தாயார், “தம்பி, கீழே ஏதோ தட்டுகிறதடா” என்றார். நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது, இடப்பக்கப் பின் சக்கரத்தில் மூன்று நட்டுகள் கையால் சுழன்றன. துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. இன்னும் சில மைல் ஓடியிருந்தால் சக்கரம் தனியே போயிருக்கும்.

சாலையோரப் பட்டறையில் இருந்த முதியவர் ஒரு நட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் அடிப்பகுதி கூம்பு வடிவம். பின்பு சக்கரத்தின் துளையைக் காட்டினார். நட்டு அமரும் பள்ளம் கிண்ணம் போல் உருண்டையானது. “சாஹேப், கூம்பு கிண்ணத்தில் எப்படி உட்காரும்?” என்றார். கூம்பின் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது. அலுமினியம் இரும்பைவிட மெதுவானது. அவ்விளிம்பின் அழுத்தத்தில் அது நசுங்கியதும் நட்டின் பிடி தளர்ந்தது. இவ்வளவுதான் செய்தி.

நான் துளையை மட்டும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியவை பல.

துளைகளின் வட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஜிப்சியின் ஐந்து ஆணிகளும் 139.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் நிற்கின்றன. அதாவது ஐந்தரை அங்குலம். பழைய வில்லிஸ் ஜீப்புக்கும் இதே வட்டம். ஆகவே ஒன்றன் சக்கரம் மற்றொன்றில் ஏறும். ஆனால் ஜீப்பின் ஆணி அரை அங்குலம். ஜிப்சியின் ஆணி 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. வில்லிஸில் இடப்பக்கத்து மரையே எதிர்ச்சுற்று! வட்டம் ஒன்று என்பதால் உறவு ஒன்றாகிவிடாது. ஐந்து துளை வட்டத்தை வீட்டிலேயே அளக்கலாம். அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை 1.7ஆல் பெருக்கினால் வட்டத்தின் குறுக்களவு வரும். ஜிப்சிக்கு அத்தூரம் 82 மில்லிமீட்டர். ஐந்து அங்குல வட்டமாயின் ஏறக்குறைய 75 வரும். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்குத் தெரியும்.

நம் ஊர் மாட்டு வண்டியின் சக்கரத்துக்கு நடுவே குடம் உண்டு. மோட்டார் வண்டிக்கும் அவ்வாறே. ஜிப்சியின் முன் அச்சில் இக்குடம் வெளியே நீண்டு நிற்பதால், சக்கரத்தின் நடுத்துளை 108 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கார்களுக்கென வார்த்த சக்கரங்களில் இத்துளை மிகச் சிறியது. ‘கொஞ்சம் கடைந்துவிட்டால் போயிற்று’ என்று லேத்துக்குக் கொண்டு போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஆணிகளின் அருகே உள்ள உலோகத்தைக் குறைப்பது எனக்கு உடன்பாடன்று.

அடுத்தது, சக்கரம் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கிறது என்பது. தொழிலில் இதை ஆஃப்செட் என்பர். சக்கரத்தைக் கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் ஒரு நேரான கம்பியை வைத்து, கம்பியிலிருந்து குடத்தோடு ஒட்டும் முகம் வரை அளக்க வேண்டும். பழைய சக்கரத்தையும் அவ்வாறே அளந்து ஒப்பிட வேண்டும். புதியதில் இத்தூரம் மிகுந்தால் டயர் உள்ளே சென்று பட்டைவில்லையோ பிரேக் குழாயையோ உராயும். குறைந்தால் வெளியே தள்ளி நிற்கும். பார்வைக்குக் கம்பீரம்தான், ஆனால் பேரிங்குகளின் மேல் விழும் சுமை கூடும், ஸ்டீயரிங் கனக்கும், குழியில் விழுந்தால் கையை உதறும். என் பழைய ரிம்மின் அகலம் ஐந்தரை அங்குலம், புதியது ஏழு. ஒன்றரை அங்குலக் கூடுதலில் பெரும்பகுதி வெளியேதான் நின்றது. மட்கார்டைத் தட்டி மடக்கியபோதே எனக்கு இது விளங்கியிருக்க வேண்டும்.

இனி டயர். 205/70 ஆர் 15 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது 143.5, ரிம் 15 அங்குலம், அதாவது 381. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் முழு உயரம் 668. நான் மாட்டிய 235/75க்கோ 733. ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துக் கூடுதல். இதன் பொருள் என்ன? வேகமானி 60 காட்டும்போது வண்டி 66இல் ஓடுகிறது. ஏற்றத்தில் எஞ்சின் திணறுகிறது. பிரேக்கின் பிடி குறைகிறது. உயரம் பழையதிலிருந்து நூற்றுக்கு மூன்றுக்குள் நிற்குமானால் கவலை இல்லை என்பது தொழிலறிந்தோர் கணக்கு. அளவை அடுத்து வரும் எண், டயர் தாங்கும் சுமையைக் குறிப்பது. 96 என்றால் 710 கிலோ. குடும்பமும் மூட்டையும் ஏற்றுகிறவர்கள் பழைய டயரின் எண்ணுக்குக் குறைந்ததை வாங்கலாகாது. கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த நாள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் பல ஆண்டு தூங்கிய டயரைப் ‘புதிது’ என்று விற்பதும் உண்டு.

நட்டைப் பற்றி முன்னரே சொன்னேன். கூம்புக்குக் கூம்பு, உருண்டைக்கு உருண்டை, தட்டைக்குத் தட்டை. அலாய்ச் சக்கரம் தடிமனானது. ஆகவே ஆணியில் மரை எவ்வளவு பிடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆணியின் தடிப்பளவேனும் நட்டு ஏற வேண்டும். 12 மில்லிமீட்டர் ஆணிக்கு அது ஒன்பது பத்துச் சுற்று. முதற்சுற்றுகளைக் கையாலேயே ஏற்றி, பின்பு ஒன்றுவிட்டு ஒன்றாக, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் ‘டர்ர்’ என்று முறுக்குவது வேலை முடிந்த ஓசையே தவிர, முடிந்ததற்கு அத்தாட்சி அன்று. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தாலும் சாத்தாராவிலேயே நான் விழித்திருப்பேன்.

சட்டமும் ஒன்று உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களினின்று மாறுபடும்படி வண்டியைத் திருத்தலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளில் இதுவும் சேரும்.

கோலாப்பூருக்குத் திரும்புகிறேன். “ஸ்டெப்னியைப் போட்டுப் போய்விடலாமே” என்றேன். முதியவர் சிரித்தார். ஸ்டெப்னி பழைய அளவு, 668. மறுபக்கத்தில் 733. ஒரே அச்சில் இவ்விரண்டும் ஓடினால் நேர்ச்சாலையிலும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழன்றுகொண்டே இருக்கும். ஊர் எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டாலோ கேட்கவே வேண்டாம். அன்றிரவு கோலாப்பூரில் தங்கினோம். புனேயில் இருந்த என் மைத்துனர் மொட்டை மாடியிலிருந்து நான்கு இரும்புச் சக்கரங்களையும் இறக்கி, துணிப்பை நட்டுகளோடு பேருந்தில் ஏற்றிக்கொண்டு, 230 கிலோமீட்டர் வந்து மறுநாள் மாலை சேர்த்தார். அவருக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. என் மனைவியிடம் பட்டதைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம். கரூர் போய்ச் சேர்ந்தபோது மாட்டுப் பொங்கல் மாலை ஆகிவிட்டது. பெரும்பொங்கல் பானையில் எங்களுக்கென எடுத்து வைத்திருந்ததைச் சூடாக்கிக் கொடுத்தார்கள்.

வண்டி இன்றும் அந்த இரும்புச் சக்கரங்களில்தான் ஓடுகிறது. டயர் மட்டும் புதிது, அதே 205/70. கெடாத மூன்று அலாய்ச் சக்கரங்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. சென்ற ஆண்டு ஓர் அன்பர் விலைக்குக் கேட்டு வந்தார். உங்கள் வண்டியின் நட்டு என்ன வடிவம் என்று கேட்டேன். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. இப்போது அவற்றின் மேல் என் மனைவி வடகம் காயவைக்கும் பலகையைப் பரப்பியிருக்கிறாள்.