முதுகெலும்புக் கோணலும் எலும்புப் படமும்

தென்னங்கன்று சாய்ந்தால் உழவர் கண்ணுக்கு அன்றே தெரிந்துவிடும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முதுகு பக்கவாட்டில் வளைவதோ பெரும்பாலும் வீட்டாருக்குத் தெரிவதில்லை. தொடக்கத்தில் வலி இராது, ஆடையும் மறைத்துவிடும். கண்ணிற்படும் காலத்தில் வளைவு முற்றியிருக்கும்.

மருத்துவர் 'ஸ்கோலியோசிஸ்' என்று கூறும் இக்கோணல், எக்ஸ்ரே படத்தில் 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் நோயெனக் கொள்ளப்படுகிறது. ஆனால் நலமாயிருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது முறையாகாது. வளரும் உடலில் கதிர்வீச்சு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் கண்ட வழி கவனிக்கத்தக்கது. அப்பகுதியில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை அவர்கள் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். அப்பிள்ளைகளுக்கு எலும்பின் அடர்த்தியை அறிய 'டெக்ஸா' என்னும் படம் எடுக்கப்பட்டது. இருவகை ஆற்றலுள்ள மெல்லிய கதிர்கள் உடலினூடே செல்ல, எலும்பு எவ்வளவு தடுக்கிறது, தசை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிடும் கருவி அது. சாதாரண முதுகு எக்ஸ்ரேயைவிட இதில் கதிரின் அளவு மிகக் குறைவு. அடர்த்திக்காக எடுத்த முழுவுடற் படத்தில் முதுகெலும்பின் போக்கும் தெரிகிறதல்லவா? அதிலேயே கோணலையும் அளந்துவிட்டனர்!

ஒரு குறை உண்டு. படுத்த நிலையில் எடுக்கும் படமாதலால், நிற்கும்போது இருப்பதைவிட வளைவு குறைந்தே தோன்றும். எனவே 10 டிகிரிக்குப் பதிலாக 6 டிகிரியையே எல்லையாகக் கொண்டனர். இம்முறை ஆராய்ச்சிக்குப் பெரிதும் உதவுவது. ஊர்தோறும் வைக்கத்தக்க கருவியன்று என்பதே நம் கருத்து.

பள்ளிப் பையின் சுமையால் வந்தது, கூனி உட்கார்ந்ததால் வந்தது என்று பிள்ளையைக் கடிந்துகொள்வோர் உளர். பெரும்பாலான கோணலுக்குக் காரணம் இன்னும் அறியப்படவில்லை. பிள்ளையின் குற்றம் அதில் ஏதுமில்லை. காலத்தில் கண்டால் பலன் உண்டு. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வில், நடுத்தரக் கோணலுள்ள பிள்ளைகளுள் உடற்கவசம் அணிந்தோரில் 100க்கு 72 பேருக்கும், அணியாதோரில் 48 பேருக்கும் வளைவு 50 டிகிரியை எட்டாமல் நின்றது. அந்த அளவை எட்டினால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வழி. எலும்பு வளர்ந்து முடிந்தபின் கவசத்தால் பயனில்லை.

கண்டறியக் கருவியொன்றும் வேண்டுவதில்லை. பிள்ளையைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல், கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு முன்புறம் குனியச் செய்து, பின்னால் நின்று நோக்குக. முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பெண் பிள்ளைகளுக்குத்தான் வளைவு முற்றுவது அதிகமாதலால், தாய்மாரும் பள்ளி ஆசிரியைகளும் இதனை அறிந்திருத்தல் தகும்.