வேற்று மண்ணில் விளையாட்டு – 7: ஜெருசலேமில் 120 கெஜம்

ஜெருசலேமின் வடமேற்கு விளிம்பில், ராமோத் குடியிருப்புக்கு அருகே எமெக் ஹாஅராசிம் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே சுமார் 25 ஏக்கரில் அமைந்த கிராஃப்ட் குடும்ப விளையாட்டு வளாகம் 2017 ஜூனில் திறக்கப்பட்டது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கென முழு அளவில் இஸ்ரேலில் அமைந்த முதல் மைதானம் இதுதான். இதற்காகச் சுமார் 60 லட்சம் டாலர் அளித்தவர் ராபர்ட் கிராஃப்ட். பாஸ்டன் பகுதியின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி அவருடையது.

முழு அளவு என்பது இந்த ஆட்டத்தில் சின்ன விஷயம் அல்ல. உலகம் ஆடும் கால்பந்தின் பன்னாட்டு மைதானம் வழக்கமாக 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் அதைவிட நீளம்; அகலத்தில் மிகக் குறுகியது. ஆடுகளம் 100 கெஜம். இரு முனைகளிலும், பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி (டச்டவுன்) எடுக்கும் பகுதி பத்துப் பத்து கெஜம். ஆக 120 கெஜம், ஏறத்தாழ 110 மீட்டர். அகலமோ 49 மீட்டருக்கும் குறைவு. ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மைதானத்தின் குறுக்கே ஓடும். கோடுகளுக்கு நடுவே ஒவ்வொரு கெஜத்தையும் காட்டும் சிறு குறிகள் இருக்கும். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். தொலைவை அளந்து அளந்தே ஆட்டம் நகர்வதால், மைதானம் சுருங்கினால் வியூகமும் சுருங்கிவிடும். ஒரு பக்கத்துக்கு 11 பேர் என்ற விதியையும் தளர்த்த வேண்டியிருக்கும்.

இஸ்ரேலில் பல ஆண்டுகள் அப்படித்தான் ஆடினார்கள். அமெரிக்காவிலிருந்து குடியேறிய ஸ்டீவ் லைபோவிட்ஸ் 1988-இல் தொடங்கிய அமைப்பின் கீழ் முதலில் நடந்தவை மோதல் இல்லாத எளிய வகை ஆட்டங்கள். பிறந்த ஊரின் ஆட்டத்தை விட மனமில்லாத குடியேறிகளே பெரும்பாலும் அவற்றில் ஆடினர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகரின் நடுவே சாக்கர் பூங்காப் பகுதியில், கிராஃப்ட் குடும்பத்தின் பணத்தில் முதல் மைதானம் வந்தது. அது முழு அளவு இல்லை. ஆனால் செயற்கைப் புல்தரையும் இரவில் ஆட விளக்குகளும் இருந்தன. தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து மோதி ஆடும் இஸ்ரேல் ஃபுட்பால் லீக் 2007-இல் உருவானது. பின்னால் வந்த பெரிய வளாகத்துக்குக் கிடைத்த வெளிச்சம் இந்தச் சிறிய மைதானத்துக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஆட்டத்தை வேரூன்றச் செய்த பெருமை இதற்கே உரியது. வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஆட்டம் உண்டு என்ற உறுதி அங்கேதான் பிறந்தது.

கிராஃப்ட் 1941-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைனில், சமயப் பற்றுள்ள யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அட்டைப்பெட்டி, காகித வணிகத்தில் செல்வம் சேர்த்தார். பேட்ரியாட்ஸ் ஆட்டங்களுக்கு 1971 முதல் பருவச் சீட்டு வாங்கிவந்த ரசிகர் அவர். 1994-இல் அந்த அணியையே 17.2 கோடி டாலருக்கு வாங்கினார். அதுவரை எந்த ஃபுட்பால் அணிக்கும் தரப்படாத விலை அது. 1963-இல் திருமணமான புதிதில் மனைவி மைராவுடன் இஸ்ரேலுக்கு முதன்முதலாகச் சென்றார். அறப்பணிகளில் பெரும் ஈடுபாடு காட்டிய மைரா, 2011-இல் காலமானார். இஸ்ரேலில் கணவனும் மனைவியும் தொடங்கிவைத்த கொடைகளின் தொடர்ச்சியாகவே இந்த வளாகத்தைப் பார்க்க வேண்டும்.

மைதானம் கிடைத்துவிட்டாலும் ஆட்ட அட்டவணை போடுவது எளிதல்ல. அமெரிக்காவில் கல்லூரி அணிகளுக்குச் சனிக்கிழமை, தொழில்முறை அணிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வழக்கம். ஜெருசலேமில் வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை சப்பாத் ஓய்வுநாள், ஞாயிறோ வேலைநாள். அதனால் ஆட்டங்கள் வியாழன் இரவு, வெள்ளி பகல், சனி இரவு என ஒதுங்கின. இன்னொரு தடை ராணுவம். பதினெட்டு வயதில் பெரும்பாலான யூத இளைஞர்கள் கட்டாயப் பணிக்குப் போய்விடுவார்கள். மற்ற நாடுகளில் ஓர் ஆட்டக்காரன் தேர்ச்சி பெறும் பருவம் அது. பிறகும் ரிசர்வ் பணிக்கு அழைப்பு வரும். பயிற்சியாளர்கள் இதையெல்லாம் கணக்கில் வைத்தே அணி கட்ட வேண்டியிருக்கிறது.

2017-இல் வளாகத்தின் திறப்பு விழாவுக்குக் கிராஃப்ட் அழைத்துவந்தவர்களில் அமெரிக்கன் ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற 18 பேர் இருந்தனர். ஜிம் பிரவுன், ஜோ மான்டானா, ரோஜர் ஸ்டாபாக் போன்றோர் ஜெருசலேம் இளைஞர்களோடு அந்தப் புல்தரையில் நின்றார்கள்.

புதிய மைதானம் உலகின் கண்ணில் பட்டது ஃபிளாக் ஃபுட்பால் மூலம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். இடுப்புப் பட்டையில் இரு பக்கமும் துணிக்கொடி தொங்கும். பந்தோடு ஓடுபவரைக் கீழே தள்ள வேண்டாம், கொடியை உருவினால் போதும். கவசத்துக்கு ஆகும் பெருஞ்செலவு இல்லை, மோதலால் வரும் காயமும் குறைவு. ஆகவே பள்ளி மாணவர்களும் பெண்களும் தயங்காமல் வந்தார்கள். கொடை பெரிய ஆட்டத்துக்கு முழு நீள மைதானம் தந்தது. ஆனால் விரைவாகப் பரவுவதற்கான வாய்ப்பு இந்தச் சிறிய வடிவத்துக்கே அதிகம். கவசமும் பெரிய அணியும் தேவைப்படாத ஆட்டம் எந்த நாட்டிலும் எளிதில் நுழைந்துவிடும்.

2021 டிசம்பரில் ஃபிளாக் ஃபுட்பால் உலகப் போட்டி இந்த வளாகத்தில் நடந்தது. ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் அமெரிக்கா மெக்சிகோவை வென்று பட்டம் பெற்றது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பாலைச் சேர்த்தது. அதே அமர்வில், அதே முடிவின் வழியாகத்தான் கிரிக்கெட்டும் ஒலிம்பிக்குக்குத் திரும்பியது.

(தொடரும்)