"ஜமைக்காவுல கஞ்சா லீகல்தானே, அம்மா?"

டிசம்பர் விடுமுறைக்குக் கரீபியன் கப்பல் பயணம் என்று முடிவானதும் வீட்டில் ஒரே குஷி. ஒருநாள் ஜமைக்காவின் மான்டிகோ பேயில் கப்பல் நிற்கும். சாப்பாட்டு மேசையில் காலேஜ் படிக்கும் என் மகன் கேட்டான்: "அங்க கஞ்சா லீகல்தானே, அம்மா?"

சீண்டத்தான் கேட்டான். ஆனால் நாங்கள் இன்னும் கிரீன் கார்டில் இருப்பவர்கள். அமெரிக்கக் குடியுரிமைக்கு மனு போட்டுக் காத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

முதலில் ஓர் ஆச்சரியம். 'கஞ்சா' என்ற சொல்லே நம்ம நாட்டிலிருந்து போனதுதான். 1845 முதல் 1917 வரை சுமார் 36 ஆயிரம் இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். செடியும் சொல்லும் அவர்களோடு போய் அங்கேயே வேர் பிடித்தன. 1913-ல் அதற்குத் தடை வந்தது. ரஸ்தஃபாரி மதத்தினருக்கோ அது வழிபாட்டுப் பொருள்.

அந்தத் தடையால் அதிகம் அடிபட்டது ஏழை வீட்டுப் பையன்கள். பாக்கெட்டில் ஒரு சுருட்டு இருந்தாலே போலீஸ் ரெக்கார்டு. அப்புறம் வேலையும் கிடைக்காது, விசாவும் கிடைக்காது. இதை மாற்றத்தான் 2015-ல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆனால் "லீகல்" என்று சொல்லிவிட முடியாது. 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் வரை வைத்திருந்தால் கைது இல்லை. பார்க்கிங் டிக்கெட் மாதிரி 500 ஜமைக்கா டாலர் அபராதம். நம் கணக்கில் ஐந்து டாலருக்கும் குறைவு. 30 நாளுக்குள் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகவேண்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். ஒரு வீட்டில் ஐந்து செடி வரை வளர்க்கலாம். பொது இடத்தில் புகைக்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாமல் விற்பது இன்றைக்கும் குற்றம். கடற்கரையில் "ஒண்ணும் ஆகாது, மேன்" என்று நீட்டுகிறவரிடம் லைசென்ஸ் இருக்காது. கொக்கெய்னுக்கு எந்தச் சலுகையும் கிடையாது.

சட்டம் தளர்ந்ததால் கடத்தல் ஓய்ந்துவிடவில்லை. தென் அமெரிக்கக் கொக்கெய்ன் வடக்கே போகும் வழியில் இருக்கிறது ஜமைக்கா. ஹெய்ட்டியோடு கஞ்சாவுக்குத் துப்பாக்கி என்ற பண்டமாற்றும் நடக்கிறது. அந்தப் பணத்துக்கு எவ்வளவு பலம் என்பதை 2010 மே மாதம் உலகமே பார்த்தது. 'டூடஸ்' என்கிற கிறிஸ்டோபர் கோக்கை அமெரிக்காவிடம் ஒப்படைப்பதற்காகப் போலீஸும் ராணுவமும் கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸுக்குள் நுழைந்தன. சுமார் 70 பேர் செத்துப்போனார்கள். பள்ளிச் செலவு, சாப்பாடு என்று அந்தப் பேட்டைக்கு அள்ளிக் கொடுத்தவர் அவர். அதனால் அவருக்காக ஜனங்களே தெருவில் நின்றார்கள். 2012-ல் நியூயார்க் கோர்ட்டு அவருக்கு 23 ஆண்டு சிறை கொடுத்தது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். ஜமைக்காவில் சின்ன அபராதம்தான். ஆனால் அங்கிருந்து கஞ்சாவைக் கொஞ்சம்கூட வெளியே கொண்டுவரக் கூடாது, அது கடத்தல் வழக்கு. கனடாவில் 2018 முதல் கஞ்சா லீகல் என்றாலும், எல்லை தாண்டிக் கொண்டுபோவது அங்கும் குற்றம். அமெரிக்காவில் மாநிலம் அனுமதித்தாலும் எல்லையில் செல்லுவது கூட்டரசுச் சட்டம்தான். குடியுரிமை இல்லாதவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்டனை ஆகவேண்டும் என்றுகூட இல்லை. "உபயோகிச்சேன்" என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் வருவதிலும் குடியுரிமையிலும் சிக்கல் வரலாம். சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன் குடியேற்ற வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் திட்டாமல், மிரட்டாமல் மகனிடம் சொன்னேன். அப்பாவும் கூடவே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்குமே இது தெரியாதும்மா. எச்1-ல இருக்கிற பசங்களோட பிள்ளைங்ககூட இருக்காங்க. சொல்லி வைக்கிறேன்" என்றான்.

எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்து, "பாப் மார்லி டி-ஷர்ட் வாங்கலாம்ல?"

"தாராளமா வாங்கிக்கோடா. இலை படம் போடாததா பாத்து வாங்கு."