பெயரின் ஈற்றில் நின்ற பெருமை

குகட்பள்ளியில் குடியேறிய முதல் மாதத்தில் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைக் கண்டு வந்து, "ஜங் குடும்பத்தார் பெருஞ்செல்வர் போலும்!" என்று உள்ளூர் நண்பரிடம் வியந்தேன். அவர் சிரித்துவிட்டார். ஜங் என்பது குடிப்பெயரன்று; நிஜாம் அளித்த பட்டத்தின் ஈறு. அன்று அடைந்த வெட்கமே இக்கட்டுரைக்கு வித்து.

வேதியியல் மாணவனாகிய எனக்கு அம்முறை எளிதில் விளங்கியது. பெர்ரஸ், பெர்ரிக் என்ற ஈறுகளைக் கேட்டதுமே இரும்பின் நிலை தெரிகிறதல்லவா? நிஜாமின் அவையிலும் அவ்வாறே. கான், கான் பகதூர் ஆகியவை கீழ்ப்படிகள். அவற்றின்மேல் ஜங், தௌலா, முல்க், உமரா, ஜா என வரிசை ஏறும். போர், அரசு, நாடு, பிரபுக்கள், உயர்நிலை என்பன முறையே அவற்றின் பொருள். முன்னே ஒரு சொல் சேரும். ஆஸ்மான் ஜா என்றால் வானளவு உயர்ந்தவர்! இந்துப் பிரபுக்களுக்கு ராஜா, மகாராஜா எனத் தனி வரிசை.

1853 முதல் 1883 வரை திவானாயிருந்த முதலாம் சாலார் ஜங், ஷுஜாஉத்தௌலா, முக்தார் உல் முல்க் என்னும் மேற்பட்டங்களையும் பெற்றவர். ஊர் அவரை அழைத்ததோ கீழ்ப்படிப் பெயரால். படிகளை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அரண்மனையார் மட்டுமே போலும்.

பட்டம் அளிக்கும் வழக்கம் ஐதராபாத்துக்கே உரியதன்று. 1870 வரை போப்பாண்டவர் ஆண்ட ரோமில் கொலொன்னா, ஒர்சினி குடும்பத்தார் 'இளவரசர்' பட்டம் தாங்கினர். அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. இங்கோ பட்டம் ஆளுக்கே உரியது. தந்தையின் பட்டமே வேண்டுமாயினும் மகன் அரசர்முன் மீண்டும் கைகட்டி நிற்க வேண்டும். சாலார் ஜங் மூவரானது இவ்வாறுதான். பிரபுக்களைப் பணிய வைக்க இதைவிட நல்ல சூழ்ச்சி உண்டோ? நிஜாம் மரபும் இதற்கு விலக்கன்று: நிஜாம் உல் முல்க், ஆசப் ஜா என்ற பெயர்களே முகலாயப் பேரரசர்கள் முதல் நிஜாமுக்கு அளித்த பட்டங்கள்தாம்.

வெறும் ஓசையாயின் நகைத்துவிட்டுப் போகலாம். ஆனால் பெரும்பிரபுக்கள் பலருக்குப் பட்டத்தோடு ஜாகீர் நிலமும் இருந்தது. அந்த விளக்குக்கு எண்ணெய் உழவன் செலுத்திய வரி. 1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்தியாவோடு இணைந்தது. 1949-இல் ஜாகீர்கள் ஒழிந்தன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, படைத்துறை, கல்விச் சிறப்புகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதையே விலக்கியது. (ஆகவே நான் எதிர்நோக்கும் எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு இடையூறில்லை!)

சென்னையிலிருந்து வரும் நம்மவர் பலரும் இறங்குவது செகந்திராபாத் நிலையத்தில். அவ்வூர்ப் பெயரில் இருப்பவர் மூன்றாம் நிஜாம் சிகந்தர் ஜா. வானளவு உயர்ந்த ஈறு மட்டும் பெயர்ப்பலகையில் இல்லை.