பழந்துணியில் பிறக்கும் போர்வை

மார்கழிப் பனியில் பிள்ளைகளுக்குப் போதிய போர்வையில்லாத வீடுகள் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. அதே வீடுகளில் உடுத்த இயலாத புடைவைகளும் வேட்டிகளும் மூட்டையாகக் கிடக்கின்றன. அல்லது தெருவில் வரும் வணிகரிடம் ஒரு சிறு பாத்திரத்திற்கு ஈடாகப் போய்விடுகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், போர்வைக்கு வேண்டிய பொருள் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பது விளங்கும்.

அண்டை மாநிலத்து வழக்கம்

கர்நாடக மாநிலத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களான சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். அவ்வினப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். பழம் புடைவையொன்றை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றித் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்துக்கொண்டே நடுவை அடைகின்றனர். வங்காளத்துக் 'காந்தா', பழம் புடைவைகளை அடுக்கித் தைப்பது. முற்காலத்தில் அதற்குரிய நூலையும் புடைவைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டனர். இவற்றிற்குத் தையற்பொறி தேவையில்லை. துணி அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது.

துணியைத் தேர்தல்

பருத்தித் துணியே ஏற்றது. செயற்கை இழைத் துணி வியர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகி உடலில் ஒட்டும். துணிகளை வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துக. சாயம் போகும் துணியைத் தனியே பலமுறை அலசிய பின்னரே சேர்த்தல் வேண்டும். துணியை இரு கைகளாலும் பிடித்து இழுத்துப் பார்த்து, உறுதியானதை மேலும் கீழும், நைந்ததை நடுவிலும் வைக்கலாம். இழுத்தவுடன் கிழிவதை விலக்குக.

தைக்கும் முறை

ஐந்தரை மீட்டர்ப் புடைவையொன்றில் இரண்டு மீட்டர் நீளத் துண்டுகள் இரண்டு கிடைக்கும். இவ்வாறு இரண்டு புடைவைகளைக் கொண்டு நான்கு அடுக்குப் போர்வை ஒன்று செய்யலாம். எஞ்சிய துணி ஒட்டுப் போட உதவும். துண்டுகளைத் தரையில் சுருக்கமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நீண்ட தையல்களால் தற்காலிகமாக இணைக்க வேண்டும். பின்னர் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, விரற்கடை இடைவெளியில், ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தி வரிசை வரிசையாகத் தைத்து வருக. இறுதியில் ஓரங்களை மடித்துத் தைத்துத் தற்காலிகத் தையலைப் பிரித்துவிடலாம். புதிதாகக் கற்போர் முதலில் குழந்தை விரிப்பு ஒன்றைத் தைத்துப் பழகுதல் நலம்.

செலவும் உழைப்பும்

ஊசி, நூல், கத்தரிக்கோல் ஆகியவை தவிர வாங்க வேண்டியது ஏதுமில்லை. ஆனால் உழைப்பு மிகுதி. 110 செ.மீ. அகலப் போர்வையில் 2 செ.மீ. இடைவெளியில் தைத்தால் ஏறக்குறைய 55 வரிசைகள் வரும். இரண்டு மீட்டர் நீளத்திற்கு மொத்தத் தையல் 110 மீட்டராகும். விற்பனைக்குத் தைப்போர் இதனை மறத்தலாகாது. துணி இலவசம் என்று எண்ணி விலை கூறினால், பெண்களின் பல நாள் உழைப்பும் இலவசமாகிவிடும். எனவே, கடன் பெற்றுப் பொறியும் புதுத்துணியும் வாங்கித் தொடங்குவது முறையன்று. முதற் போர்வை தம் வீட்டிற்காகட்டும். கை தேர்ந்து, வாங்குவோர் உறுதியான பின்னரே விற்பனையை நினைக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. போர்வையை விரித்துத் தைக்க அகன்ற தரை வேண்டும். சிறு வீடுகளில் அதற்கு இடமிராது. சமுதாயக் கூடத்தைப் பிற்பகல் வேளையில் மகளிர் குழுவினருக்குத் திறந்துவிட்டால் போதும். ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்பர். பலர் கைகூடினால் 110 மீட்டர்த் தையலும் எளிதில் முடியும். மூட்டையில் கிடந்த கந்தை, வரும் மார்கழிக்குள் ஒரு பிள்ளையின் குளிரைப் போக்கும்.