உங்களுக்குத் தெரியுமா? கடித உறையில் ராணி வரும்!

உயிருள்ள தேனீயைக் கடிதத் தபாலிலேயே நாடு விட்டு நாடு அனுப்பலாம். உலக அஞ்சல் ஒன்றியம் உயிர்ப்பிராணிகளுக்குப் பொதுவாகத் தடை போட்டாலும் தேனீ, அட்டை, பட்டுப்புழு மூன்றுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது. பெறும் நாட்டுச் சட்டமும் இடம் தர வேண்டும். (அட்டை யாருக்கு என்கிறீர்களா? அறுவை சிகிச்சை நிபுணர்களுக்கு!)

• ராணித் தேனீ வருவது விரல் நீளக் கூண்டில். கூடவே சில வேலைக்காரத் தேனீக்கள். வாசலை அடைத்திருப்பது சீனி மிட்டாய். புதுக் கூட்டிலுள்ள தேனீக்கள் அதைத் தின்று தீர்த்த பிறகே ராணிக்கு விடுதலை.

• ஒரு பச்சை இலைக்கு அந்தச் சலுகை கிடையாது. ரப்பர் பால்மரத்தின் தாயகமான பிரேசிலில் ஹென்றி ஃபோர்டின் ரப்பர் தோட்டங்களை நாசமாக்கியது இலைக்கருகல் பூஞ்சை. மலேசியாவுக்குள் அது இன்னும் நுழையவில்லை. அதனால்தான் பிரேசில் பக்கத்துச் செடி, விதை எல்லாவற்றுக்கும் இங்கே கெடுபிடி அதிகம்.

• மலேசியாவின் கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களுக்குத் தமிழ்நாட்டு உறவினர் உறையில் போட்டு அனுப்பும் முருங்கை விதையும் கெடுபிடிக்குத் தப்பாது. இறக்குமதி அனுமதி வேண்டும்.

• அதே பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், தோட்ட அதிபர் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த வம்சம்!